ஆத்துச் சத்தம் வச்சேன், "டேங்க் நெறஞ்சு வழியுதா"ன்னு கேக்காங்க

குழாய்க்காரன் கேட்டது:

வணக்கம். திருநெல்வேலி பேட்டையில மைக்செட் கடை வச்சிருக்கேன். அப்பா ஆரம்பிச்சது. கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுறது, கல்யாணத்துக்குப் பாக்ஸ் வைக்கிறது, தேர்தல் வந்தா ஆட்டோவுல ரெண்டு குழாய், இதுதான் பொழப்பு. இந்தக் கேள்விய இங்க கேக்கலாமான்னு தெரியல. கேக்க வேற ஆளும் இல்ல.

2019 பொங்கல் லீவுல கொச்சி பினாலேங்கிற கலைக் கண்காட்சி பாக்கப் போனேன். கலை பாக்கப் போனேன்னு சொன்னா பொய். மச்சினன் அங்க வேலையில இருந்தான், பாலருவி ரயில் இருந்துச்சு, அவ்வளவுதான். அங்க ஷில்பா குப்தான்னு ஒரு கலைஞர் செஞ்சு வச்சிருந்த ஒண்ணு. மங்கலான வெளிச்சத்துல நூறு மைக் மேலேந்து தொங்குது. கீழ நூறு கம்பி, ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு தாள் குத்தியிருக்கு. எழுதினதுக்காக ஜெயிலுக்குப் போன நூறு கவிஞர்களோட வரிகள். ஒரு மைக் ஒரு வரி சொல்லும், மத்த மைக் எல்லாம் சேந்து திருப்பிச் சொல்லும். மைக் எங்கயாவது பேசுமா? கேக்கத்தானே செய்யும். உள்ள மாத்தி அதையே ஸ்பீக்கராக்கி வச்சிருக்காங்க. எங்க அப்பா பழைய இன்டர்காம்ல ஸ்பீக்கரையே மைக்கா ஓட்டுனவரு, அதனால வித்தை எனக்குப் புதுசில்ல. ஆனா காலம்பூரா நாங்க அடுத்தவன் வாய்க்கு முன்னால நீட்டுன சாமான், நம்ம பக்கம் திரும்பிப் பேச ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? ரெண்டு மணி நேரம் அங்கனயே நின்னுட்டேன். மச்சினன் வெளிய மூணு டீ குடிச்சிட்டான்.

அதுலேந்து ஒரு கோட்டி. நாமளும் இப்படி ஒண்ணு செய்யணும்னு.

இப்ப விசயத்துக்கு வாரேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன அருங்காட்சியகம், பேர் வேண்டாம். பழைய காரை வீடு. அதுல ஒரு ஹால்: 40 அடி நீளம், 26 அடி அகலம், 15 அடி உசரம். தட்டட்டிக் கூரை, கல் தரை, வழவழன்னு சுண்ணாம்புச் சுவர். உள்ள மரக்கால், நாழி, கமலை இறைச்ச சால், ரெண்டு முதுமக்கள் தாழி, ஒரு ஓரத்துல பழைய வில்லுப்பாட்டு வில்லும் குடமும். ஒரு விழாவுக்கு மைக் வைக்கப் போனப்ப அங்க பொறுப்புல இருக்குற மேடம்கிட்ட கொச்சிக் கதைய அவுத்து விட்டேன். "சரி, ஒரு மாசம் இந்த ஹால எடுத்துக்கோங்க"ன்னுட்டாங்க.

எல்லாரும் முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைப் பதிவு பண்ணி வைங்க." நூறு பேர் கேட்டா நூறு பேரும் இதையே சொல்லுதாங்க. மணிமண்டபத்துல ஒரே கல்லுல பெரிய தூணும் அதைச் சுத்தி 48 சின்னத் தூணும் செதுக்கியிருக்கான். அந்தக் கல்லு அந்த மண்டபத்துல நிக்கிறதாலதான் அந்தச் சத்தம். அதைப் பிடிச்சு இன்னொரு ரூம்ல ஸ்பீக்கர்ல போட்டா அது வெறும் பாட்டு கேசட். எனக்கு மனசு ஒப்பல.

நான் தாமிரபரணிக் கரையில குறுக்குத்துறைக்குப் போனேன். காலைல அஞ்சு மணி. இரவல் ரெக்கார்டர், காத்து அடிக்காம இருக்க மைக்குக்கு மகனோட ஸ்கூல் சாக்ஸ். படியில தண்ணி மோதுறது, கல்லுல துணி அடிக்கிறது, அந்த அடி அரை செகண்ட் கழிச்சு எதிர்க்கரையிலேந்து திரும்பி வர்றது, கொக்கு, கோயில் மணி எல்லாம் வந்துச்சு. ஹெட்போன்ல கேட்டா தாமிரபரணி தலைக்குள்ள ஓடுது. நாலு நிமிசத்துக்கு வெட்டி, சுத்திச் சுத்தி ஓடுற மாதிரி ரெண்டு பாக்ஸ்ல வச்சேன்.

முதல் நாள் வந்த பெரியவர் ஒருத்தர் மேல அண்ணாந்து பாத்துட்டுக் கேட்டாரு, "டேங்க் நெறஞ்சு வழியுதா?" அன்னிக்கே இன்னும் நாலு பேர். ஒரு அம்மா வெளிய போயி மோட்டாரை நிறுத்தச் சொல்லிட்டு வந்தாங்க.

மூணாவது நாள் போறேன், ப்ளக்கு பிடுங்கிக் கெடக்கு. அங்க காவலுக்கு இருக்குற அண்ணாச்சிதான். கோவமாத்தான் கேட்டேன். அவரு சொன்னது: "காலைல பத்து மணிலேந்து அஞ்சு மணி வரைக்கும் நாந்தானவே இங்கன உக்காந்திருக்கேன். வாரவன் அஞ்சு நிமிசம் கேட்டுட்டுப் போயிருதான். எனக்கு சுகரு வேற. தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எத்தன தடவதான் எந்திச்சுப் போவேன்?"

ஏழு மணி நேரம், நாலு நிமிச லூப். கணக்குப் போட்டேன், ஒரு நாளைக்கு 105 தடவை. வாய மூடிக்கிட்டேன். அவரு பாட்டுக்கு செல்போனை எவர்சில்வர் சொம்புக்குள்ள போட்டு வானொலி கேட்டுக்கிட்டிருந்தாரு.

என் கேள்வி: (அ) இந்த ஹால் இரையுறத எப்படி அடக்குறது? கை தட்டுனா அஞ்சு எண்ணுற வரைக்கும் சத்தம் சாகல. (ஆ) ஆறு ஏன் ஆறா கேக்கல? நல்ல பாக்ஸ்தான், வயர் எல்லாம் சரி. (இ) அண்ணாச்சிய என்ன செய்ய?

•

நாலுமுக்கு:

அருங்காட்சியகத்துலயாவது மனுசன சத்தமில்லாம இருக்க விடுங்க சாமி. உங்க குழாய்க்குப் பயந்து கொடை நாளைக்கு ஊரையே விட்டு ஓடுறவன் நான். அண்ணாச்சிக்கு ஒரு சல்யூட்.

•

ஓய்வு வாத்தியார்:

தம்பி, முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் இதே சிக்கலில்தான் அறை ஒலியியல் என்ற துறையே பிறந்தது, அதுவும் ஒரு அருங்காட்சியகத்தில். 1895இல் ஹார்வர்டில் ஃபாக் கலை அருங்காட்சியகம் கட்டினார்கள். அதன் சொற்பொழிவுக் கூடத்தில் பேசினால் ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை அடங்காமல் நின்றது. அதற்குள் அடுத்த பத்துச் சொல் மேலே ஏறிவிடும். வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம், அப்போது வயது 27, இதைச் சரி செய்யச் சொன்னார்கள். அவர் வைத்திருந்தது ஒரு ஆர்கன் குழலும் ஒரு நிறுத்துக் கடிகாரமும். பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்குவார், குழலை ஊதி நிறுத்துவார், சத்தம் அடங்கும் நேரத்தைக் குறிப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுவார். மைக்செட்காரர் வேலைதான்!

அதிலிருந்து வந்த சூத்திரம் எளிது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை மொத்தமாக உறிஞ்சும் அளவால் வகுத்தால் சத்தம் அடங்க எத்தனை வினாடி என்று கிடைக்கும். உங்கள் ஹால் சுமார் 440 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்த்து 380 சதுர மீட்டர். சுண்ணாம்பும் கல்லும் விழும் சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் குடிக்கும். கதவு, மரச்சட்டம், நீங்கள், அண்ணாச்சி எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் உறிஞ்சும் அளவு 14 சதுர மீட்டரைத் தாண்டாது. விடை 5 வினாடி. நீங்கள் கைதட்டி எண்ணியதும் அதுவே.

சபைன் வைத்த அலகு என்ன தெரியுமா? திறந்த ஜன்னல். அதன் வழியே போன சத்தம் திரும்பாது, ஆகவே நூற்றுக்கு நூறு. ஜன்னல் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. நாலுக்கு அஞ்சு அடியில் நாலு ஜன்னல் இருந்து அத்தனையும் திறந்தால் 7.4 சதுர மீட்டர். அடங்கும் நேரம் 3.3 வினாடிக்கு வந்துவிடும். முப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே வந்தால் 2 வினாடி சொச்சம். காசு செலவில்லை.

ஆறு ஏன் ஆறாகக் கேட்கவில்லை? ஓடும் தண்ணீரில் எல்லா அதிர்வெண்ணும் கலந்து கிடக்கிறது. அது ஆறு என்று காதுக்குச் சொல்வது இரண்டு: ஒவ்வொரு குமிழும் தனித்தனியே ஒலிக்கும் நேரம், அது எந்தத் திசையில் ஒலிக்கிறது என்பது. ஐந்து வினாடி எதிரொலிக்கிற அறை இரண்டையும் அழித்துவிடும். மிச்சம் இருப்பது "ஸ்ஸ்ஸ்". அதை டேங்க் என்று கேட்டவரின் காது பழுதில்லாத காது. உங்கள் படித்துறையில் துணி அடிக்குப் பதில் அரை வினாடி கழித்து வந்தது என்றால் எதிரே முட்டிய இடம் 85 மீட்டர் பக்கம். ஒரே ஒரு எதிரொலி, தூரத்திலிருந்து. உங்கள் ஹாலில் அதே அரை வினாடிக்குள் ஆயிரக்கணக்கான எதிரொலி.

இன்னொரு கணக்கு, இதுதான் முக்கியம். அந்த ஹாலில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து சுமார் அரை மீட்டருக்குள் காது இருந்தால்தான் நேராக வரும் சத்தம் மேலோங்கும். அதைத் தாண்டினால் ஸ்பீக்கர் பேசுவது கேட்காது, அறை பேசுவதுதான் கேட்கும். பெரிய பாக்ஸ் வைத்தாலும் சின்ன பாக்ஸ் வைத்தாலும் இது பெரிதாக மாறாது. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் கூடும்.

•

குழாய்க்காரன்:

சார், கும்பிடுறேன். ஜன்னல் நாலுதான், நாலும் பூட்டிக் கெடக்கு. இதைத்தான் அப்பா வேற மாதிரி சொல்லுவாரு: "மண்டபத்துல குழாய ஏத்திக் கட்டாதலே, சுவரு பேசும். தாழக் கட்டி சனத்தப் பாத்துத் திருப்பு." கல்யாண மண்டபம் காலியா இருக்கையில மைக் டெஸ்ட் பண்ணா கூவும், பந்திக்கு முன்னால கூட்டம் நெறஞ்சா தானா அடங்கிரும். ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

அரை மீட்டர்னா ஒண்ணரை அடி சொச்சம். அப்படின்னா வாரவங்க ஒவ்வொருத்தரும் பாக்ஸைக் கட்டிப் பிடிக்கணும்!

•

வீரவநல்லூரான்:

அண்ணே, நான் இப்ப நியூஜெர்சியில இருக்கேன். உங்க (இ) கேள்விக்குப் பதில் தெரியாது. ஆனா ரெண்டு விசயம் பாத்ததைச் சொல்றேன்.

ஒண்ணு, நியூயார்க் டைம்ஸ் சதுக்கம். 45ஆவது தெருவுக்கும் 46க்கும் நடுவுல நடக்கிறவங்களுக்கு ஒரு திட்டு இருக்கு. அதுல சுரங்க ரயிலுக்குக் காத்துப் போக இரும்புக் கிராதி போட்ட குழி. அதுக்குள்ளேந்து ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். பெரிய மணிய அடிச்சு முடிச்ச பிறகு ஒரு கார்வை நிக்குமே, அது. மாக்ஸ் நியூஹாஸ்னு ஒருத்தர் 1977ல வச்சது. 1992ல நின்னு போயி 2002ல திரும்ப வந்துச்சு. பேர்ப் பலகை ஒண்ணும் கிடையாது. நானே அந்தக் கிராதி மேல எத்தனையோ தடவை நடந்திருக்கேன், கேக்கல. ஒருநாள் ஷூ நாடா அவுந்துச்சுன்னு குனிஞ்சேன், அப்பதான் மாட்டுச்சு. கலைன்னு தெரியாமலே கடந்து போறவன் போகட்டும், நிக்கிறவன் நிக்கட்டும்னு விட்டிருக்காரு. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவுல அவரு சத்தத்தக் கூட்டிப் போட்டி போடல.

ரெண்டாவது, 2013ல குளாய்ஸ்டர்ஸ்னு ஒரு அருங்காட்சியகம், ஸ்பெயின் நாட்டுத் தேவாலயத்தோட கற்களைக் கொண்டு வந்து திரும்பக் கட்டின ஒரு கூடம். ஜேனட் கார்டிஃப் 2001ல செஞ்ச வேலைய அங்க வச்சிருந்தாங்க. 40 ஸ்பீக்கர், ஒவ்வொண்ணும் ஆள் உசரத்துல கால் மேல நிக்குது. ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு பாடகர். 16ஆம் நூற்றாண்டுப் பாட்டு, நாப்பது குரலும் தனித்தனி. நடுவுல நின்னா அறை முழுக்கப் பாடுது, ஒரு ஸ்பீக்கர்கிட்ட காதைக் கொண்டு போனா அந்த ஒரு ஆள் மூச்சு வாங்குறது கேக்குது. வாத்தியார் சார் சொன்ன அரை மீட்டர் இதுதான்போல, எனக்கு இப்பதான் உறைக்குது. இன்னொண்ணு: பாட்டு 11 நிமிசம். அப்புறம் 3 நிமிசம் பாட்டே கிடையாது. பாடுறவங்க தொண்டையச் செருமுறது, சிரிக்கிறது, கதை பேசுறது. அங்க நின்ன காவலர் அந்த மூணு நிமிசத்துலதான் கால் மாத்தி நின்னாரு. உங்க அண்ணாச்சிய நினைச்சுக்கிட்டேன்.

சுலோச்சன முதலியார் பாலத்துல யாராவது மைக் ஒட்டிக் கேட்டா என்னன்னு ரொம்ப நாளா ஆசை. லண்டன்ல பில் ஃபொன்டானா 2006ல அப்படிச் செஞ்சாரு, மில்லேனியம் பாலத்துல உணரிகளை ஒட்டி, அதோட அதிர்வை டேட் மாடர்ன் கூடத்துக்குள்ள நேரடியா ஓட விட்டாரு. நம்ம ஊர்ல செஞ்சா டவுன் பஸ் ஹார்ன்தான் வருமோ?

•

குழாய்க்காரன்:

தம்பி, ஹார்ன் வராது. பீசோ தகடு ஒட்டுனா காத்துல வர்ற சத்தம் அதுக்குப் பெருசாக் கேக்காது, பாலத்தோட உடம்புல ஓடுறது மட்டும்தான் கேக்கும். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல போயி ஒட்டிப் பாத்துட்டேன் (போலீஸ்காரர் ஒருத்தர் கேட்டாரு, "செல்போன் விழுந்துட்டு சார்"னு சொல்லிட்டேன்). லண்டன் பாலம் இரும்பு வடத்துல தொங்குது, அது தந்தி மாதிரி பாடும். நம்மது 1843ல தெறந்த கல் வளைவுப் பாலம், சரியான அமுக்கன். லாரி போனா "தும்"னு ஒரு முனகல், அவ்வளவுதான். பிடிச்சிருந்துச்சு எனக்கு, ஆனா ஒரு மாசத்துக்குத் தாங்காது.

•

பொதிகைச்சாரல்:

குழாய்க்காரன் அண்ணன், எச்சரிக்கையா ஒரு வார்த்தை. நான் பழம்பொருள் பராமரிப்புல வேலை பாக்குறவ. அந்த ரெண்டு பாக்ஸும் எங்க வச்சிருக்கீங்க? கண்ணாடிப் பெட்டி மேலயோ, தாழி நிக்கிற மேடை மேலயோ மட்டும் வச்சிராதீங்க. காதுக்குக் கேக்குறது ஒரு பங்கு, அடியில மரத்துலயும் கல்லுலயும் இறங்கிப் போற அதிர்வு இன்னொரு பங்கு. 2013ல மான்செஸ்டர் அருங்காட்சியகத்துல ஒரு சின்ன எகிப்துச் சிலை கண்ணாடிப் பெட்டிக்குள்ள தன்னால திரும்புதுன்னு உலகமெல்லாம் பரபரப்பாச்சு. சாபம்னாங்க, ஆவின்னாங்க. அளந்து பாத்தா வெளிய ரோட்டுல போற வண்டி, உள்ள நடக்கிறவங்க காலடி. சிலையோட அடிப்பாகம் லேசாக் குமிஞ்சிருந்ததால அந்த அதிர்வுல நகந்திருக்கு. வெறும் காலடிக்கே இப்படின்னா உங்க பாக்ஸுல இருந்து வர்ற "தும்"முக்கு?

ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேல மண்ணுக்குள்ள இருந்த தாழி. வெளிய தெரியாத கீறல் இருக்கும். அதுக்குள்ள ஸ்பீக்கர் வைக்கலாமான்னு உங்களுக்கு ஒரு யோசனை வரும், இப்பவே சொல்லிட்டேன், வேண்டாம். ஆதிச்சநல்லூர்ல தோண்டுன குழிக்கு மேலயே கண்ணாடித் தளம் போட்டு 2023ல தெறந்தாங்களே, போய்ப் பாருங்க. குனிஞ்சு பாக்குறவங்க தன்னாலயே குரலைத் தாழ்த்திக்குவாங்க. யாரும் அமைதியா இருங்கன்னு சொல்லல.

•

வில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை:

அண்ணாச்சி, விடை உங்க கேள்வியிலயே இருக்கு, நீங்க பாக்கல. காவல் அண்ணாச்சி செல்போனை எதுல போட்டுக் கேட்டாரு? சொம்புல!

எங்க தாத்தா வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிச்சவரு. ஒரு கையில மட்டை, குடத்து வாயில அடி. இன்னொரு கையில காசு, குடத்து உடம்புல தட்டு. மட்டை விழுந்தா உள்ள இருக்குற காத்து பேசும், காசு விழுந்தா மண்ணு பேசும். குடம் வாங்கப் போனா தாத்தா காருக்குறிச்சியில பாதி நாள் உக்காந்துருவாரு. முட்டியால தட்டிப் பாத்து "ணங்"னா மடியில வைப்பாரு, "டப்"னா ஓரமா வைப்பாரு. கீறல் கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாலயே காதுக்குத் தெரிஞ்சிரும்.

தாழியத் தொட வேண்டாம்னு அக்கா சொல்றது சரி. புதுப் பானை வாங்குங்க. சின்ன ஸ்பீக்கரை உள்ள இறக்குங்க. கேக்கணும்னு நினைக்கிறவன் குனிஞ்சு காதை வைக்கட்டும். வாத்தியாரோட அரை மீட்டரும் ஆச்சு, அண்ணாச்சியோட சுகருக்கும் நிம்மதி ஆச்சு.

•

ஓய்வு வாத்தியார்:

அருமை அம்மா. இதற்கும் கணக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பானையின் வாயில் நிற்கும் காற்று ஒரு குண்டு, உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில். இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சுருதியில் ஆடும். 12 லிட்டர் குடம், வாய் அரைக்கால் மீட்டர் (12.5 செ.மீ.) குறுக்களவு என்றால் 140 ஹெர்ட்ஸ் பக்கம். தாழி அளவு பெரிதானால் அதைவிடக் கீழே போகும். உள்ளே மணல் போட்டால் காற்றின் இடம் குறையும், சுருதி ஏறும்.

•

குழாய்க்காரன் (பன்னிரண்டு நாள் கழிச்சு):

பதில் போட நேரமாயிட்டு, மன்னிக்கணும். நடுவுல ரெண்டு கொடை.

காருக்குறிச்சிக்குப் போயி ஏழு பானை வாங்குனேன். வில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை சொன்ன மாதிரியே தட்டித் தட்டிப் பாத்தேன். பானைக்கார ஆச்சி, "மாப்பிள வீட்டுக்காரன் கூட இம்புட்டு சோதிக்க மாட்டான்"னு சொல்லிச்சு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் மூணு இஞ்சு ஸ்பீக்கர், சாமானெல்லாம் கடையிலயே கெடந்தது. பானைகளைத் தரையில வைக்கல, தேங்காய் நார் பிரிமணையில வச்சிருக்கேன். பொதிகைச்சாரல் மேடம் வந்து பாத்தா திட்ட மாட்டாங்கன்னு நம்புதேன். தரையில கை வச்சுப் பாத்தேன், ஒரு அதிர்வும் இல்ல. பானை சாயாம இருக்க ஆச்சிமார் செஞ்சு வச்ச வளையம், இப்ப இந்த வேலைக்கும் ஆச்சு.

தாழிக்குப் பக்கத்துல ஏழும் வரிசையா நிக்காம, அங்கனயும் இங்கனயுமா. போர்டு வைக்கல. வீரவநல்லூர்த் தம்பி சொன்ன கிராதிதான் மனசுல.

ஆனா முதல்ல சொதப்பல்தான். அதே நாலு நிமிசத்த அப்படியே பானைக்குள்ள விட்டேன். கொக்குச் சத்தம் பானைக்குள்ள செத்துப் போச்சு. கோயில் மணி ஈயச் சட்டியத் தட்டுன மாதிரி. பானைக்குக் கீச்சுச் சத்தமே ஆகாது, அதுக்குப் பிடிச்சது அடித்தொண்டைச் சத்தம்தான். சரின்னு ஒவ்வொரு பானைக்கும் ஒவ்வொரு சத்தமாப் பிரிச்சேன். துணி அடிக்கிறதத் தனியா ஒண்ணுல போட்டேன். அய்யோ. கல்லுல "சளப்"புன்னு விழுந்த அடி, பானைக்குள்ள "தொம்... தொம்..."னு எங்கயோ பூமிக்கு அடியில யாரோ நடக்கிற மாதிரி வருது. படியில தண்ணி மோதுறத இன்னொண்ணுல. "ஸ்ஸ்" எல்லாம் போயி "குளுக், குளுக்"னு நிக்குது. குறுக்குத்துறையிலேந்து அரைக்கைப்பிடி அரைக்கைப்பிடியா மணல் கொண்டாந்து போட்டு அதோட சுருதிய ஏத்தி, பக்கத்துப் பானைக்கு ஒத்து வர்ற மாதிரி நிறுத்துனேன். இதுக்கே ஒரு ராத்திரி ஆயிட்டு. ரெண்டு பானை சும்மா. உள்ள ஸ்பீக்கர் இருக்கு, ஆனா ஒண்ணும் போடல. காதை வச்சா ஹாலோட சத்தமே உள்ள போயி "ஊ"ன்னு சுத்துது. அந்த ரெண்டுகிட்டத்தான் ஆளுங்க ரொம்ப நேரம் நிக்காங்க. ஸ்பீக்கருக்குச் செலவழிச்ச காசு வயித்தெரிச்சல்.

மத்த ஒவ்வொரு பானையும் மூணு நிமிசம் பேசும், ஏழு நிமிசம் பேசாது. ஸ்விட்ச அண்ணாச்சி நாற்காலிக்குப் பக்கத்துலயே வச்சிட்டேன், எப்ப வேணும்னாலும் அணைச்சிக்கிடலாம். இதுவரைக்கும் அணைக்கல. ஜன்னல் நாலையும் தெறந்தாச்சு. அதுல ஒண்ணுக்குக் கொண்டியே துருப்பிடிச்சுப் போயி, ஆசாரியக் கூட்டிட்டு வந்துதான் தெறந்தோம். இப்ப வெளிய வேப்பமரத்துக் காக்காச் சத்தம் உள்ள வருது. அதுக்கு நான் ஒண்ணும் செய்யல, ஆனா நல்லாருக்கு.

புதுப் பிரச்சினை என்னன்னா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. பானையப் பாத்தா காதை வைக்கிறதுக்கு முன்னால வாய வைக்குதுங்க. தலைய உள்ள விட்டு "ஓஓஓ". ஒரு பையன் கத்துனா மத்தது நாப்பதும் வரிசையில நின்னு கத்துது. அண்ணாச்சி எந்திச்சுப் போயி, "ஏல, கத்தாதல, கேளுல. காதை வச்சுக் கேளு. அதுக்குள்ள துணி தொவைக்காங்க பாரு"ன்னு ஒவ்வொருத்தன் தலையாப் பிடிச்சுச் சாய்ச்சு விடுதாரு. ப்ளக்கைப் பிடுங்குன மனுசன். நான் ஒண்ணும் சொல்லிக்கிடல.

ராத்திரி பல்லி ஒண்ணு மூணாவது பானைக்குள்ள குடியேறியிருக்கு. நடுநடுவுல அதுவும் பேசுது.

•

வில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை:

ரெண்டு பானை சும்மா வச்சீங்க பாத்தீங்களா, அது தாத்தாவுக்குப் பிடிச்சிருக்கும். வில்லும் குடமும் அந்த ஹாலுலயே இருக்குதானே? அதையும் யாரும் தட்டிப் பாக்காம வெறுமனே கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்களா?

•

குழாய்க்காரன்:

கண்ணாடிக்குள்ளதான் இருக்கு. சாவி மேடத்துகிட்ட.

•

நாலுமுக்கு:

சரி வே, தோத்துட்டேன். எப்ப வந்தா கேக்கலாம்?

•

குழாய்க்காரன்:

செவ்வாய் லீவு. மத்த நாள் பத்துலேந்து அஞ்சு. ஒண்ணுலேந்து ரெண்டு மணிக்குள்ள மட்டும் வராதீங்க. அண்ணாச்சி சாப்பிட்டுக்கிட்டிருப்பாரு, சொம்புல பாட்டு ஓடும், இப்பல்லாம் அந்த நேரத்துக்கு மட்டும் பானைய அணைச்சு வச்சிருப்பாரு.